வழுக்கை யார் வீட்டுச் சீதனம்?

கிருபாசங்கருக்கு வயது முப்பத்தொன்று. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு இருந்தது, சொந்தமாகக் கொப்பரைக் களம் இருந்தது, உச்சந்தலையில் மட்டும் முடி இல்லை. போட்டோவைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் நேரில் பார்த்ததும் ‘ஜாதகம் சேரலீங்க’ என்று சொல்லியனுப்புவது வாடிக்கையாகிவிட்டது. இந்த முறை பல்லடத்துப் பெண், பிரவீனா. இரண்டு மாதமாகப் போனில் பேசியதில் அவனுக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. வீடியோவில் வரும்போதெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டுதான் பேசினான். இவளும் கைநழுவிப் போனால் இந்த ஜென்மத்தில் இனிப் பெண் பார்க்கவே போவதில்லை என்று முடிவுகட்டியிருந்தான்.

அதனால் அம்மா மாரியாத்தாள் காலையிலேயே அவனை உட்காரவைத்து, ஆன்லைனில் வாங்கிய கறுப்புத் தூளை உச்சியில் தூவி வாரிவிட்டிருந்தாள். இருக்கிற நாலு முடியோடு ஒட்டிக்கொண்டு நாற்பதாகக் காட்டுகிற தூள். வியர்க்காமல் இருந்தால் போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது.

பெண்ணின் அப்பா நாச்சிமுத்து கோழிப்பண்ணைக்காரர். அறுபது வயதிலும் நெற்றியில் விழுகிற அளவுக்குக் கருகருவென்று முடி. பங்குனி வெயிலில் அவர் வீட்டு ஹால் வெந்துகொண்டிருந்தது. ஆனால் மனிதர் ஃபேனை ஒன்றுக்கு மேல் வைக்க விடவில்லை. தனக்குக் காற்று சேராது என்றார்.

பலகாரமாகக் கச்சாயம் வந்தது, காப்பி வந்தது, பிரவீனாவும் வந்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். அவளைக் கண்டதும் கிருபாசங்கருக்குக் குப்பென்று வியர்த்தது. காதோரமாக ஒரு கறுப்புக் கோடு இறங்கி வெள்ளைக் காலரில் போய் நின்றது.

“மாப்ளைக்குத் தலையிலிருந்து என்னமோ ஒழுகுதுங்களே?” என்றார் நாச்சிமுத்து.

பையனின் அப்பா தம்பிதுரை, பளபளவென்ற தன் தலையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே முந்திக்கொண்டார். “எல்லாம் போர்த்தண்ணி பண்ற வேலைங்க. சிறுவாணித் தண்ணியில குளிச்சா மொளைச்சுக்குமுங்க.”

“தண்ணி இல்லீங்க, சத்துக்கொறவு. எங்க பண்ணையில கோழிக்கு எறகு உதிர்ந்தா உடனே தீவனத்த மாத்திப்போடுவோம்.”

மகனைக் கோழியோடு சேர்த்தது மாரியாத்தாளுக்குச் சுருக்கென்றது. “சத்துக்கென்னங்க கொறைச்சல்? எம்பையன் திங்காத தேங்காயா? இது அவங்கப்பன் ஊட்டுச் சீதனமுங்க. அந்தத் தலையப் பாத்தா தெரியலீங்களா?”

“ஏம்புள்ள, அம்மா பக்கமிருந்துதான் வருதுன்னு யூடியூப்புலயே சொல்றாங்க. உன்ற அண்ணன் தலைய மறந்துபோட்டயா? சந்தைக்கு வந்தான்னா மாடெல்லாம் கண்ணு கூசித் திரும்பிக்குது!”

“எங்கண்ணன இழுத்தீங்கன்னா நானு உங்க அப்புச்சிய இழுப்பேனுங்க. அவரு மண்டையில கருவேப்பில அளவாச்சும் முடி இருந்துதுங்களா?”

“உன்ற அப்பாருக்கு மட்டும் இருந்துதாக்கும்!”

கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பா அப்புச்சி, அப்பாவின் அப்பா அப்பாரு. அங்கே புருஷனைத் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். மரியாதை குறையாமலேயே மானம் போய்க்கொண்டிருந்தது. கிருபாசங்கர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“ஏனுங்கத்தே,” என்றாள் பிரவீனா. “நீங்க ரெண்டு பேரும் சொந்தமுங்களா?”

“ஆமா கண்ணு. நானு இவுங்க தாய்மாமன் மகதான்.”

“அப்ப மாமாவோட அம்மாவுக்கும் உங்க அப்பாவுக்கும் ஒரே அப்பாதானுங்க. இவருக்கு அப்புச்சின்னாலும் உங்களுக்கு அப்பாருன்னாலும், ஆளு ஒருத்தர்தானுங்களே?”

தம்பிதுரையும் மாரியாத்தாளும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கிழவனின் மண்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிரவீனா வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள். “ஆம்பளைகளுக்குச் சொரக்கற ஹார்மோன் கொஞ்சம் டி.எச்.டி.ன்னு மாறுமுங்க. அது சில பேருக்கு முடிவேரச் சுருக்கிப்போடும். யாருக்குச் சுருங்கும்ங்கறது பரம்பரை. அதுல முக்கியமான ஒரு மரபணு அம்மா கிட்டயிருந்து வருது. மிச்சம் ரெண்டு பக்கமும் உண்டு. தண்ணியும் தீவனமும் இதுக்குக் காரணமில்லீங்கப்பா.”

“என்னமோ போ. எங்க பக்கம் இந்தச் சீக்கே கெடையாது,” என்று நாச்சிமுத்து தலையை மெல்லத் தடவிக்கொண்டார். “சரிங்க, ஜாதகத்த இன்னொருக்காப் பாத்துப்போட்டுச் சொல்லியனுப்பறமுங்க.”

ஜாதகம் என்ற சொல் காதில் விழுந்ததும் கிருபாசங்கருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பாவின் துண்டைப் பிடுங்கி உச்சந்தலையை அழுந்தத் துடைத்தான். தூள் மொத்தமும் துண்டுக்குப் போய்விட்டது.

“இதுதானுங்க நானு,” என்றான் பிரவீனாவிடம். “தொப்பி போட்டு மறைச்சது தப்புங்க. வேண்டாம்னா நேராவே சொல்லீருங்க. ஜாதகம்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “ஊட்டுக்குள்ள யாருங்க தொப்பி போடுவாங்க? மொத நாளே தெரியுமுங்க. எனக்குச் சம்மதம்.”

கிருபாசங்கருக்கு நம்பவே முடியவில்லை. நாச்சிமுத்து பதறிப்போனார். “அம்மணி! நாளைக்குப் பொறக்கற பேரன நெனச்சுப் பாரு. அவனுக்கும் இதே தலை வந்துபோடுமே!”

“அம்மா கிட்டயிருந்து வருதுன்னு இப்பத்தானுங்கப்பா சொன்னேன்? அவனுக்கு நாந்தான குடுக்கணும்? எனக்கு நீங்க குடுத்ததும் அதுல இருக்குதுங்களே?”

சொல்லிக்கொண்டே சுவரோரம் போய் ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினாள்.

நாச்சிமுத்து இரண்டு கையாலும் தலையை அமுக்கினார். முன்பக்கம் பிடித்தால் பின்பக்கம் எழும்பியது, பின்பக்கம் பிடித்தால் முன்பக்கம். கடைசியில் கருகருவென்ற அந்த முடி மொத்தமும் கச்சாயத் தட்டில் போய் உட்கார்ந்தது.

தம்பிதுரை மகனிடமிருந்து துண்டை வாங்கினார். கறுப்பு படாத பக்கமாகத் திருப்பி நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

“தொடைச்சுக்கங்க சம்பந்தி,” என்றார்.