பேபி மாமிக்கு மணி அடிக்கவில்லை

எங்கள் தெருவில் என் குரல் தெரியாத ஆள் கிடையாது. என் பாட்டை முழுசாகக் கேட்ட ஆளும் கிடையாது. பதினாறு வருஷமாக இதற்கு நடுவில்தான் என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

நான் விஜிலா. 'கச்சான்' என்ற ராக் பேண்டில் பாடுகிறேன், பாட்டும் நானே எழுதுகிறேன். கச்சான் என்றால் எங்கள் கடற்கரையில் ஆனி, ஆடியில் மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கும் காற்று. யூடியூபில் முதல் பாட்டை ஏற்றியபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "வேர்க்கடலை என்று ஏன் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். அவர்கள் பக்கம் கச்சான் என்றால் கடலையாம். மொத்தம் மூன்று கமெண்ட். மற்ற இரண்டும் எங்கள் டிரம்மர் பால்துரை வேறு வேறு பெயரில் போட்டது.

பால்துரை எங்களுக்கு ஐந்தாவது டிரம்மர். முந்தைய நான்கு பேரும் கப்பலேறிவிட்டார்கள். தாளம் பிடிபடுகிற நேரமாகப் பார்த்து ஒவ்வொருவனுக்கும் வேலைக்கான தாள் வந்துவிடும். நான் மட்டும் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்து ஷிப்பிங் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரில் உள்ள பெட்டியெல்லாம் என் கையால் சிங்கப்பூர் போகிறது, என் பாட்டு பக்கத்து ஊரான புதுக்கோட்டையைக்கூடத் தாண்டவில்லை.

என் குரல் தெருவுக்குத் தெரிந்தது வேறு வழியில். திரேஸ்புரத்தில் எங்கள் பங்குக் கோயில் மைக்கில் சாவு அறிவிப்பது நான்தான். இருபது வயதில் ஒரு நாள், மணி அடித்து அறிவிப்பும் வாசிக்கும் கோயில்பிள்ளை வளன் அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சும்மா ஒரு உதவிக்கு வாசித்துக் கொடுத்தேன். "சாவுக்கு இந்தக் கனத்த குரல்தான் பொருத்தம்" என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இதே குரலைச் சென்னை ஸ்டூடியோவில், "பொம்பளைக் குரல் மாதிரி இல்லையே" என்றார்கள். அங்கே இரண்டு வருஷம் பின்வரிசையில் நின்று 'ஆ' பாடிவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும் வணக்கம்" என்றுதான் சொன்னேன். முன்வரிசையில் மூன்று கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்களைக் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

பேபி மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பிராக்டீஸ் செய்யும் வலைக்கொட்டிலுக்கு அடுத்த வீடு. சனிக்கிழமை நாங்கள் கிட்டார் வயரைச் செருகியதும் மாமியின் குசினி ஜன்னல் டமாரென்று சாத்தப்படும். பங்குச் சாமியாரிடம் மூன்று தடவை புகார் கொடுத்தாள். "ஏளா, வயித்து வலிக்காரி மாதிரி எதுக்குக் கத்துத?" என்று தெருவில் வைத்தே கேட்பாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் ஷாம் என்ற பையன் சென்னையிலிருந்து போன் செய்தான். ஜனவரியில் அங்கே நடக்கும் ஒரு இசை விழாவுக்குப் பேண்டுகளைத் தேர்ந்தெடுக்கிறவன். இங்கே பக்கத்தில் நாசரேத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறானாம், ஞாயிறு சாயங்காலம் நேரில் கேட்டுவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிப்பானாம். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, ஆண்களெல்லாம் வீட்டில் இருப்பார்கள். மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் மேடை போட அனுமதி வாங்கினோம். பால்துரை வீடு வீடாகப் போய், "கூட்டமில்லைன்னா ஊர் மானம் போயிரும்" என்று சொல்லிவைத்தான். மானம் என்றதும் தெருவே கிளம்பிவிட்டது.

அன்றைக்கு ஐந்தரைக்குப் பாட்டு. ஐந்து இருபதுக்கு வளன் அண்ணன் போன்.

"ஏளா விஜிலா, பேபி மாமி போயிட்டாவ. அஞ்சு மணி இருக்கும். ஜெர்லின் இப்பந்தான் போன் போட்டா. நான் மணிய அடிக்கேன், நீ ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போ."

ஜெர்லின் மாமியின் ஒரே மகள். புருஷன் கப்பலில் இருக்கிறான்.

எங்கள் தெருவில் துக்க மணி அடித்துவிட்டால் அடக்கம் முடிகிறவரை டிவி கூட ஓடாது. கல்யாண மேளம் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். திடலைப் பார்த்தேன். முந்நூறு பேராவது இருப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஷாம் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தான். எனக்குத் துக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாகிற அன்றும் இந்த மாமி என்னை விடவில்லையே என்று.

"அண்ணே, ஆறரைக்கு அடிச்சா என்ன? ஒரு மணி நேரம். செத்தவிய எங்கயும் ஓடிரப் போறதில்லல்லா."

இதைச் சொன்ன வாய் என் வாய்தான்.

"ஒனக்காவ ஒரு மணி நேரம். அதுக்கு மேல என்னால ஆவாது" என்று வளன் அண்ணன் போனை வைத்துவிட்டார்.

மேடை ஏறினோம். பேண்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. முதல் பாட்டுக்குக் கூட்டம் ஒன்றும் புரியாமல் முழித்தது. இரண்டாவதுக்குச் சின்னப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். மூன்றாவது என் கிரேன் பாட்டு. துறைமுகத்துக் கிரேன்கள் வகுப்பில் கை தூக்கிய பிள்ளை மாதிரி வருஷக்கணக்காக நிற்கின்றன, என்ன கேள்வி என்று யாரும் கேட்பதில்லை. பாட்டு அவ்வளவுதான். கடைசிச் சரணத்தில்தான் கிரேன் அந்தக் கேள்வியைக் கேட்கும். அந்த இடத்துக்காகவே அதை எழுதினேன். எழுத எனக்கு மூன்று வருஷம் ஆனது.

இரண்டாம் சரணத்தில் கூட்டம் கை தட்டியது. தாளத்துக்குச் சரியாகத் தட்டியது. ஷாம் காலைக் கீழே இறக்கிப் போனைத் தூக்கிப் பிடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு வருஷம் காத்திருந்தது இந்த மூன்று நிமிஷத்துக்குத்தான்.

அப்போது மேடை ஓரத்தில் ஜெர்லின் வந்து நின்றாள். நைட்டிக்கு மேல் துண்டு, காலில் செருப்பில்லை. அழவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பால்துரை வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் மைக்கை விட்டுக் குனிந்தேன்.

"அம்மைக்கு ஏன் இன்னும் மணி அடிக்கல?" என்றாள். "ஃப்ரீசர் பெட்டி வந்துட்டு. டிரைவர் ஒத்த ஆளு. தூக்க நாலு பேர் வேணும். வீடு வீடாத் தட்டிட்டு வாரேன், எல்லாம் பூட்டிக் கெடக்கு."

பூட்டித்தான் கிடக்கும். மொத்தத் தெருவையும் நான் இங்கே கூட்டி வைத்திருக்கிறேன். மணி அடித்தால் ஆள் வரும் என்று நம்பி, அவள் செத்த அம்மையோடு முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

கையைக் காட்டினேன். பால்துரை நிறுத்தினான், கிட்டார் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளேயே சொன்னேன்.

"இறைமக்களின் கனிவான கவனத்திற்கு. நமது பங்கைச் சேர்ந்த பேபி அவர்கள் இன்று மாலை இறைவனடி சேர்ந்தார்கள். அன்னாரது நல்லடக்கம்..."

நேரம் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. ஆண்கள் ஜெர்லினுக்கு முன்னாலேயே ஓடினார்கள். இரண்டு நிமிஷத்தில் திடலில் நாற்காலிகளும் ஷாமும் மட்டும் மிச்சம். மைக் சத்தம் கோயில் வரை கேட்டிருக்கும், ஆறரை ஆகுமுன்னே வளன் அண்ணன் மணி அடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஷாம் மேடைக்கு வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அந்தக் கடைசியில சொன்னீங்களே, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. ரெக்கார்ட் பண்ணிட்டேன். ஜனவரியில இதை அப்படியே பண்ணுங்க. பின்னாடி அந்தக் கிட்டார் சத்தம் மட்டும் போதும்."

"பாட்டு?"

"பாட்டு ஓகேதான். ஆனா அது மாதிரி நிறைய பேர் பண்றாங்க. இது வேற யார்கிட்டயும் இல்ல."

"அதுக்கு ஒராளு சாவணுமே தம்பி."

நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்தான். நேரம் இருந்திருந்தால் அவனை அறைந்திருப்பேன். வயரைப் பிடுங்கிப் பால்துரையிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

நான் போனபோது மாமியைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். ஜெர்லின் குசினியில் கட்டங்காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் எனக்காகச் சாத்தப்படும் அந்த ஜன்னல் பக்கத்தில் நின்றேன். திறந்துதான் இருந்தது.

"மணிய நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். வளன் அண்ணன் சொல்லிட்டாவ."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் சீனி டப்பாவைத் தேடி எடுத்தாள்.

"பாட்டாவது முடிஞ்சுதா?"

"இல்ல. பாதியில."

ஜெர்லின் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ரெண்டுங் கெட்டுப் போச்சு" என்றாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, "அடக்கம் நாளைக்கு நாலு மணிக்கு. போய், அதையாவது முழுசாச் சொல்லு" என்றாள்.

கோயிலுக்குப் போனேன். வளன் அண்ணன் மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சொல் விடாமல், நேரத்தை இரண்டு தடவை சொல்லி, முழுசாகச் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.