ஆட்காட்டி விரலும் மாப்பிள்ளையின் இடது பாதமும்

ஆட்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டு தட்டி நான் ஒரு கல்யாணத்தையே நடத்திவைத்திருக்கிறேன். அந்தத் தட்டில் கிளம்பிய மின்சாரத்தில் சோழவந்தான் ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சர் ரயில் ஒரு முழம் பின்னால் போனது. சந்தேகம் இருப்பவர்கள் நல்லகாமனைக் கேட்கலாம். எதையும் நம்பாத ஆள் அவன். பால் வாங்கினால் பசுவை நேரில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

நான் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நல்லகாமன் என் சிநேகிதன். அவன் தங்கை மகள் மீனாவுக்கு, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சூரியபிரகாஷைப் பிடித்துப்போயிற்று. தேதி குறிப்பதுதான் பாக்கி. தாய்மாமன் தலையாட்டாமல் எங்கள் பக்கம் அது நடக்காது. தலையாட்டத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தான்.

"வாங்க மாமா" என்று மாப்பிள்ளை எதிரே வந்தான். சப்... சப்... இடது பாதம் தரையை அறைந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் செருப்பு இரண்டு தரம் கழன்றது.

"என்னம்மா, தம்பி காலு ஒரு தினுசா விழுகுது?" என்றான் நல்லகாமன்.

"செருப்பு பெருசுண்ணே, புதுசு வேற" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா கனகலட்சுமி.

நல்லகாமன் என் காதுக்குள் வந்தான். "வாத்தியாரே, கேக்குறதுக்கு முந்தியே அந்தம்மா பதிலைத் தயாரா வச்சிருந்துச்சு. கவனிச்சீகளா?"

பிறகு சத்தமாக, "கொடிக்காலைப் பாத்துருவமே" என்றான். கள்ளன்! கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். வரப்பிலேயே எல்லோரும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினோம். முன்னால் நடந்த சூரியபிரகாஷ், தண்ணீருக்குள் நடப்பவன் மாதிரி இடது முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். ஈர மண்ணிலும் சப்... சப்...

"இப்ப எந்தச் செருப்பும்மா பெருசு? வாதமா, போலியோவா, காலையிலயே ஊத்திக்கிட்டானா? மறைச்சுல்ல கட்டப் பாத்தீக! சம்பந்தமே வேணாம், வாரேன்."

கனகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொன்னா பொண்ணு தரமாட்டீகன்னு பயந்துட்டேண்ணே. போன வாரத்துல இருந்துதான் இப்புடி இருக்கு. என்னன்னே தெரியல."

எனக்கும் சந்தேகம்தான். பையனை மோட்டார் தொட்டிச் சுவரில் உட்காரவைத்தேன். சிரிக்கச் சொன்னேன்; வாய் கோணவில்லை. கையைப் பிடிக்கச் சொன்னேன்; என் விரலெலும்பு மாவாகிவிட்டது. மூளையில் கோளாறென்றால் முகமோ கையோ பெரும்பாலும் காட்டிக்கொடுத்திருக்கும். தொங்கிய காலில் முட்டிச் சில்லுக்குக் கீழே கை விளிம்பால் தட்டினேன். கால் எகிறி நல்லகாமன் வேட்டியில் பட்டது.

"வேணும்னே உதைக்கிறான் வாத்தியாரே!"

"நல்லகாமா, இந்த உதைக்கு மூளையோட உத்தரவு தேவையில்ல. சேதி முதுகுத்தண்டு வரைக்கும் போயி, அங்கயே பதிலை வாங்கிட்டுத் திரும்பிரும். தண்டுவடம் நல்லாத்தான் இருக்கு."

இரண்டு கெண்டைக்காலும் ஒரே பருமன். ஆக, சின்ன வயதுச் சீக்கும் இல்லை. பாதத்தைக் கீழே அழுத்து என்றால் அழுத்தினான். மேலே தூக்கு என்றால் அசையவில்லை. புறங்காலில் கிள்ளினால் மரமரப்பு.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடுப்பிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு முழங்காலுக்குப் பின்னால் இரண்டாகக் கிளைக்கும். ஒரு கிளை வெளிப்பக்கமாக எலும்பைச் சுற்றிக்கொண்டு, அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி படர்கிற மாதிரி போகும். அந்த இடத்தில் அதற்குத் தோலைத் தவிர வேறு போர்வை கிடையாது. பாதத்தைத் தூக்க வைப்பது அந்தக் கிளைதான். அங்கேதான் ஆட்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினேன்.

"ஆத்தீ!" துள்ளினான் பையன். "கரண்டு புறங்கால் வரைக்கும் ஓடுது சார்!"

ரயில் பின்னால் போனது அப்போதுதான்.

"போன வாரம் பொழுதன்னைக்கும் குத்தவச்சு வெத்தலை அடுக்குனியாப்பா?"

"ஆமா சார். முகூர்த்த நாளு, வேலைக்கு ஆளு வரல. நானே உக்காந்து அடுக்குனேன்."

"மடக்குன முழங்கால்ல நரம்பு நசுங்கியிருக்கு. நரம்பு டாக்டர்ட்ட காட்டிருவோம். அநேகமா தானா திரும்பிரும்."

நல்லகாமன் சிரித்தான். "குத்தவச்சா காலு விழுந்துருமா? அப்ப நாட்டுல ஒருத்தனும் நடக்க முடியாது. நானும் உக்காருறேன். எந்திரிச்சு ஒழுங்கா நடந்துட்டேன்னா, சம்பந்தம் முறிஞ்சுச்சு. பெறகு பேச்சே கெடையாது."

வெற்றிலைக் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். சர்க்கரை வந்ததிலிருந்து அவன் கால் சதை வற்றிய கரும்புச் சக்கை; நரம்பு சீக்கிரம் நசுங்கும். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மாறாக, கொட்டாம்பட்டியில் அவன் பங்காளிகள் போட்ட வரப்புச் சண்டையை எடுத்துவிட்டேன். அந்தப் பேச்சென்றால் அவன் சோற்றையும் மறப்பான். இல்லாத ரெண்டு அடிதடியை நானே சேர்த்தேன். வெயில் உச்சிக்கு வந்தது.

"போதும்யா" என்று எழுந்தான். ஒரு அடி வைத்தான்.

சப்.

யாரோ பின்னால் வருவதுபோலத் திரும்பிப் பார்த்தான். இன்னொரு அடி. சப். குனிந்து தன் பாதத்தைத் தானே கிள்ளி, முறைத்தான். சாயப் போனவனைச் சூரியபிரகாஷ் ஓடிவந்து தாங்கினான். தாய்மாமனும் மாப்பிள்ளையும் தோளில் கைபோட்டுக்கொண்டு, சப் சப் என்று வரப்பேறினார்கள்.

டீ குடித்து முடிப்பதற்குள் நல்லகாமன் கால் சரியாகிவிட்டது. "தேதியைக் குறிங்கம்மா. ஆனா இனிமே எதையும் மறைக்காதீக" என்றான் கனகலட்சுமியிடம்.

திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளையின் பாதம் தேறி, செருப்பு காலிலேயே நின்றது. பந்தியில் இந்தக் கதையை அவிழ்த்தேன். எல்லோரும் சிரித்துவிட்டு நல்லகாமனைப் பார்த்தார்கள்.

அவன் இலையிலிருந்து தலை தூக்கவில்லை. "ரயில நான் பாக்கலய்யா" என்றான். "மத்ததெல்லாம் நெசம். விழுந்தது என் காலு."