வாத்தியார் சொன்ன புயல்

அந்தப் பாய்மரப் படகில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் கணவனும் மனைவியும் மேல்தளத்துக்கு வந்து, வானத்தைப் பார்த்து, இன்று மழையா வெயிலா என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். யார் சொன்னது பொய்த்துப்போகிறதோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். தீவுக்குத் தீவு வானம் புத்தி மாறுகிற கடல் அது. சட்டத்தைப் போட்டவர் வாத்தியார். அதிகம் தேய்த்தவரும் அவர்தான்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு படகு வாங்கியவர். அவர் மனைவி தையற்கடை நடத்தியவர். வாத்தியார் வாயில் எப்போதும் டெய்லரம்மா. கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, தையல் மெஷினும் துணி வெட்டும் கத்தரிக்கோலுமாக டெய்லரம்மா படகேறினார். "பாக்கலாம், உங்க கூத்து எத்தன நாளைக்குன்னு" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார். அந்தக் கத்தரிக்கோலால் ஒருநாள் வாத்தியார் கடல் வரைபடத்தின் ஓரத்தை வெட்டிவிட்டார். துணி வெட்டும் கத்தரியால் காகிதத்தை வெட்டினால் கூர் மழுங்கிவிடும் என்று அந்தக் கணக்குத் தலைக்குத் தெரியவில்லை. அப்புறம் சில நாள் படகில் பேச்சு வார்த்தை கிடையாது. முழங்கை இடிக்காமல் திரும்ப முடியாத இடத்தில் கோபமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அன்றிலிருந்து கத்தரிக்கோல் டெய்லரம்மாவின் தலையணைக்கு அடியில்தான் தூங்கியது.

இப்போது மகளுக்குப் பிரசவ நேரம். பெரிய தீவுக்குப் போனால் அங்கிருந்து ஊருக்குக் கப்பல் உண்டு. டெய்லரம்மா பையைக் கட்டி வைத்துவிட்டார். வாத்தியார் அந்தப் பையையே சுற்றிச் சுற்றி வந்தார். போனவள் திரும்பி வருவாளா? அங்கே பேரப்பிள்ளை, கடை, ஆடாத கட்டில். இத்தனையும் விட்டுவிட்டு இந்த ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? நேராகக் கேட்கவும் பயம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே பழியைத் தூக்கி வானத்தின் மேல் போட்டார்.

"இன்னைக்குக் கெளம்ப வேணாம். மத்தியானம் பெரிய காத்து வரும்."

டெய்லரம்மா அண்ணாந்து பார்த்தார். பேருக்கு ஒரு மேகம் இல்லை. "வெயில்" என்றார்.

வெயில் கொளுத்தியது. வாத்தியார் பாத்திரம் தேய்த்தார். மறுநாளும் புயல் என்றார், மறுநாளும் தேய்த்தார். வாரம் முழுக்க இதே கதை. தோற்ற மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாமா? சட்டியைத் தேய்த்துக்கொண்டே பாட்டு வேறு.

"என்ன வாத்தியாரே, உங்க புயல் பஸ்ஸ விட்டுடுச்சா?"

"வரும், வரும். பின்னால வந்துட்டிருக்கு."

"வரட்டும். அதுக்குள்ள அந்த அடிப்பிடிச்ச சட்டியையும் தேச்சிடுங்க."

அன்று மாலை டெய்லரம்மா மகளோடு போனில் பேசியது வாத்தியார் காதில் விழுந்தது. "அப்பா காத்து சரியில்லங்கறாருடி. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த விஷயத்துல பொய் சொல்ல மாட்டாரு."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அன்று பாட்டு வரவில்லை.

விடிந்ததும் அவரே சொன்னார். "வெயில். நல்ல காத்து. கெளம்பலாம்."

டெய்லரம்மா மேற்கே கொஞ்ச நேரம் பார்த்தார். "மழை. பரவால்ல, தாங்கும். போலாம்."

பாதி வழியில் மேற்கு இருண்டது. வாத்தியார் பாயைச் சுருக்கச் சொல்லி வாய் மூடுவதற்குள் காற்று வந்து அறைந்தது, பின்னாலேயே மழை. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேலே பாய் டர்ரென்று கிழிந்தது. டெய்லரம்மா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "தையல் பிரியல, துணிதான் கிழிஞ்சிருக்கு" என்றார். அந்தப் பாயில் தான் போட்ட தையலின் மானம் போகவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி.

சுக்கானைப் பிடித்தபடி வாத்தியார் டெய்லரம்மாவைப் பார்த்தார். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நெஞ்சில் இருந்தது வெடித்து வெளியே வந்தது.

"நான் பொய் சொன்னேன்! புயலே இல்ல!"

"மூஞ்சில அறையுது, இல்லங்கறீங்க?"

"இது இல்ல! போன வாரப் புயல்! நீ போயிடுவியேன்னு சொன்னேன்!"

"தெரியும்! சுக்கான ஒழுங்காப் புடிங்க!"

வந்த வேகத்திலேயே மழை போய்விட்டது. கிழிந்த பாயை இறக்கிவிட்டு, இன்ஜினைப் போட்டுக்கொண்டு பெரிய தீவின் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பல் அங்கே நின்றுகொண்டிருந்தது.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டார் வாத்தியார். முகத்தில் அசடு வழிந்தது.

"பாட்டுப் பாடிக்கிட்டுப் பாத்திரம் தேச்ச புருஷன நான் பாத்ததில்ல. டிக்கெட்டே இன்னைக்குக் கப்பலுக்குத்தான் போட்டிருக்கேன். போன்ல பேசுனதும் உங்க காதுல விழத்தான். நீங்களா எப்பச் சொல்றீங்கன்னு பாத்தேன். பாத்திரமும் தேஞ்சுது."

கடைசியில் வாத்தியார் கேட்டேவிட்டார். "திரும்பி வருவியா?"

டெய்லரம்மா உள்ளே போனார். பையோடு வந்தவர், துணியில் சுற்றிய ஒன்றை வாத்தியார் கையில் வைத்தார். கத்தரிக்கோல்.

"பாயை நான் வந்துதான் தைப்பேன். வேற யாரும் அதுல ஊசி வைக்கக் கூடாது. இதால காகிதம் வெட்டுனீங்க, தொலைஞ்சீங்க."

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவுமில்லை.

கப்பலின் படியில் ஏறிய டெய்லரம்மா திரும்பி, துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "இன்னைக்கும் நீங்கதான் தோத்தீங்க!"

வாத்தியார் படகுக்குத் திரும்பினார். கத்தரிக்கோலைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, காலையில் சாப்பிட்ட இரண்டு தட்டுகளையும் தேய்த்துப் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.