எதிரே வந்த வெள்ளை வண்டி

பிசைந்த மாவை எலுமிச்சம்பழ அளவு கிள்ளி, அண்ணனின் தலைமுடியில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான் சின்னவன். ஒவ்வொரு ஒற்றலுக்கும் நாலைந்து கண்ணாடித் துணுக்குகள் மாவில் ஒட்டிக்கொண்டு மினுங்கின. சீப்பு போட்டால் உள்ளே இறங்கிவிடும். துணி போட்டால் தோலைக் கிழிக்கும். கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷம் விளிம்பு தேய்த்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டித்தான் அனுப்புகிறோம் என்றார்கள்.

"குளிப்பாட்டின லட்சணம்" என்று முனகினான்.

அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் சொன்னாரு தம்பி, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு."

நேற்றிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வந்தது. மாவை உருட்டிக்கொண்டே அடக்கிக்கொண்டான்.

அவனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். டாக்டர் மேல், கையெழுத்து வாங்கின போலீஸ்காரர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வண்டி மேல். ஓட்டுகிறவன் இல்லாத வண்டி. நேற்றுக் காலை அண்ணன் சைக்கிளைப் பின்னாலிருந்து இடித்துவிட்டு, தானே நின்று, தானே ஆம்புலன்சுக்குச் சொல்லி, தானே போலீசுக்கும் தகவல் கொடுத்திருக்கிறது.

"இடிச்சவனே சாட்சியும் சொன்னா வெளங்கிடும்" என்றான் நெட்டை, கதவோரம் நின்றபடி. கடையில் அண்ணனைப் போலச் சைக்கிளில் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்கிற இன்னொருத்தன் அவன்தான். "நாம தப்பு பண்ணா நாலு பேர் புடிச்சு உலுக்குவான். அத எங்க புடிச்சு உலுக்கறது?"

அண்ணனுக்கு அந்த வண்டிகள் மேல் மனத்தாங்கலே கிடையாது. குடிச்சிட்டு வராது, ஹாரன் அடிச்சு உயிரை எடுக்காது, உரசிட்டு நம்மளையே திட்டாது, அதுக்கு மேல என்னடா வேணும் என்பார். சின்னவனுக்குத்தான் ஒப்பவில்லை. ரோட்டைக் கடக்கும்போது ஓட்டுகிறவன் முகத்தைப் பார்ப்பான். விடுவானா, விடமாட்டானா என்று அந்த முகத்திலேயே தெரிந்துவிடும். முகமே இல்லாததிடம் எதைப் பார்க்கிறது?

மூன்று மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தார். நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. வாசலில் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார். நின்று, தலை குனிந்து, அண்ணியிடம் இரண்டு வார்த்தை மெதுவாகப் பேசினார். இவ்வளவு பதவிசாக வருகிறவன் எதையோ மூடத்தான் வருகிறான் என்று சின்னவனுக்குப் பட்டது.

"வீட்ல யார்கிட்ட சார் பேசலாம்?"

"என்கிட்ட பேசுங்க." மாவை ஒரு தட்டில் வைத்துவிட்டு எழுந்தான்.

பின்கட்டுச் சமையலறையில் நின்று பேசினார்கள். நெட்டையும் கூடவே நுழைந்துகொண்டான். வந்தவர் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து, பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு மேடைமேல் சாய்த்து வைத்தார்.

"எங்க பக்கம் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது சார். வண்டியோட கேமராவுல பதிஞ்சத அப்படியே கொண்டுவந்திருக்கேன். எதிர்ல ஒரு வண்டி ராங் சைடுல வந்திருக்கு. எங்க வண்டி அதப் பாத்து ஒதுங்கப் போயிருக்கு. அந்த எதிர் வண்டி மட்டும் வரலன்னா இது நடந்தே இருக்காது."

"எதிர் வண்டியா?" என்றான் நெட்டை. "அந்த நேரத்துல அங்க டீக்கடைக்காரர் இருந்தாரு. அவர் அப்படி எதையும் சொல்லலியே."

"எதிர் வண்டி நாப்பது மீட்டர்ல இருக்குனு எங்க வண்டி கணக்குப் போட்டிருக்கு. ஒதுங்கறதுக்கு அந்த தூரம் தாராளம். ஆனா இருபது மீட்டர் போறதுக்குள்ளயே இடிச்சிருக்கு. அதான் எங்களுக்கும் புரியல. இது வண்டியே எழுதி அனுப்பின அறிக்கை. ஆளுங்க இன்னும் உக்காந்து பாக்கல."

"நல்லா ஜோடிச்சிருக்கீங்க" என்றான் சின்னவன். "போடுங்க பாப்போம்."

படம் ஓடியது. காலை வெயில், காலி ரோடு. நடுவில் ஒரு வெள்ளை வண்டி, இவர்களைப் பார்த்தபடி. முதலில் சிறிதாக, பிறகு பெரிதாக. அப்புறம் படம் ஒரு குலுக்கலோடு நின்றது.

"இன்னொரு தடவ."

எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் கேட்டான். மூன்றாவது தடவை, பாதியில் நிறுத்தச் சொன்னான். வெள்ளை வண்டியின் முகப்பில் பச்சை நிறத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"அது சரியா விழல சார். வேற ஏதோ பாஷை மாதிரி தெரியுது" என்றார் வந்தவர்.

சின்னவன் படித்துவிட்டான்.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் அவன். பள்ளிக்கூடம் எது என்றால் கடைதான். எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் சாய்த்து வைத்த கண்ணாடிகளில் விழும். விளிம்பு தேய்த்துக்கொண்டே அவற்றைக் கூட்டிக் கூட்டிப் படித்தான். அதனால் அவனுக்கு இடம்வலம் மாறின எழுத்துதான் முதலில் பழக்கம். நேரெழுத்தைக் கண்டால்தான் கொஞ்சம் தயக்கம். அப்போதெல்லாம் அண்ணன், "ஊரு நேரா படிச்சா என் தம்பி திருப்பிப் படிப்பான்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பச்சையில் எழுதியிருந்தது இந்தக் கம்பெனியின் பெயர். வந்தவரின் சட்டைப் பையில் தைத்திருந்ததும் அதே பெயர். வெள்ளை வண்டியின் மேல் விளிம்பில் கறுப்பாக ஒரு பொட்டு. உற்றுப் பார்த்தான். போன வாரம் சாயம் போட்ட அண்ணனின் தலைமுடி.

நாற்பது மீட்டர், இருபது மீட்டர். கண்ணாடிக்கு முன்னால் நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாயோ, கண்ணாடிக்குள் அதே அளவு தள்ளி நிற்பாய். கடையில் சேர்ந்த முதல் நாளே தெரிகிற சங்கதி.

குழாயைத் திறந்து கையை நனைத்தான். மூடினான்.

நேற்றுக் காலை அண்ணி போன் பண்ணியிருந்தாள். "தம்பி, உங்க அண்ணன் சலூன்ல கண்ணாடிய எறக்கிட்டு நேரா மக வீட்டுக்குப் போறாரு. போன தடவ சம்பந்தி வீட்டு வெள்ளை சோபாவுல முதுகச் செவப்பா பதிச்சுட்டு வந்தாரு. இன்னைக்கு வரைக்கும் குத்திக் காட்டறாங்க. புதுச் சட்டை போட்டிருக்காரு. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

விளிம்பைப் பளபளப்பாக்கும் செம்பொடி கடையில் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். கோணியில்தான் ரொம்ப. சைக்கிள் கேரியரில் மரச்சட்டம் வைத்து, அதில் கண்ணாடியை நிறுத்தி, மேலே கோணி போர்த்திக் கட்டினால்தான் கடை வாசல் தாண்ட விடுவார் முதலாளி. நேற்று முதலாளி இல்லை. சின்னவன் கோணியை உருவிப் போட்டான். ரசம் பூசிய முதுகுப்பக்கம் அண்ணன் பக்கமாகவும் முகப்பக்கம் பின்னால் ரோட்டைப் பார்த்தும் நிறுத்திக் கட்டினான்.

"டேய், கோணி இல்லாம போனா பின்னால வர்றவன் கண்ணுல வெயில் அடிக்குமேடா" என்றார் அண்ணன்.

"அந்த ரோட்டுல இப்ப எவன் வர்றான்? ஆளில்லாத வண்டிக்கு ஏதுண்ணே கண்ணு?"

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சைக்கிளே ஆடியது. சிரித்தபடியேதான் மிதித்துக்கொண்டு போனார்.

"சார்?" என்றார் வந்தவர், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தபடி. "அந்த எதிர் வண்டிய நாங்க தேடிட்டிருக்கோம். இதுல குடும்பத்து சார்பா ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா, அந்த வண்டி மேல நீங்களும் நாங்களும் சேர்ந்தே..."

கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இல்லாத வண்டியை ஊரெல்லாம் தேடிவிட்டு ஒருநாள் விட்டுவிடுவார்கள். அண்ணன் மேல் பழி வராது. அண்ணிக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. சொன்னால், இந்த மனுஷன் அடுத்த நிமிஷமே எல்லாவற்றையும் அண்ணன் தலையில் கட்டிவிடுவான். பேனாவைப் பிடித்திருக்கிற விதமே சரியில்லை.

நெட்டை படத்தைப் பார்த்து இன்னும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். "எதிர் வண்டியாம் எதிர் வண்டி. கத வுடறாங்க. நாளைக்கு அந்த சலூன்காரரு வேற கண்ணாடி கேக்கறாரு. அதே ரோட்டுலதான் நான் போகணும்."

சின்னவன் அவனைப் பார்த்தான். பிறகு வந்தவரைப் பார்த்தான்.

"அந்த வண்டிய எங்கயும் தேட வேணாம் சார். உங்க ஷெட்லதான் நிக்கும்."

"புரியல."

"கண்ணாடி சார் அது. அண்ணன் கொண்டுபோன கண்ணாடி. உங்க வண்டி தன்னையே பாத்துருக்கு."

வந்தவர் டேப்லெட்டை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார். நெட்டையின் உதடு பிதுங்கினபடியே நின்றுவிட்டது. வெளியே யாரோ நாற்காலி நகர்த்தும் சத்தம்.

"கண்ணாடிய... மூடாம கொண்டு போனாரா?" என்றார் வந்தவர், வெகு நிதானமாக. இதைத்தான் சின்னவன் எதிர்பார்த்தான்.

"மூடாம கட்டினது நான். கட்டறது என் வேலை, ஓட்டறதுதான் அவரு வேலை. அப்படியே எழுதிக்குங்க. அண்ணன் பேரு அதுல வரக்கூடாது. வந்துச்சுன்னா நான் அங்க வந்து நிப்பேன்." குரலைத் தாழ்த்தினான். "அதோட இன்னொண்ணும் எழுதுங்க. கண்ணாடிய மூடிட்டுப் போகலாம், சரி. தண்ணி தேங்கியிருக்கும், கடைங்கள்ல கண்ணாடிக் கதவு இருக்கும், அதுலயும் உங்க வண்டி தெரியும். சைக்கிள்ல போறவன் எத்தன மூடுவான்னு எழுதுங்க."

வந்தவர் எழுதினார். என்ன எழுதினார் என்று சின்னவன் எட்டிப் பார்த்தான். பொடிப்பொடியான எழுத்து, படிக்க முடியவில்லை. நேரெழுத்துதான்.

அவர் போனதும் நெட்டை பின்கதவு வழியாக இறங்கிப்போய், சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளின் பக்கத்தில் வெறுமனே நின்றான்.

சின்னவன் திரும்பியபோது சமையலறை வாசலில் அண்ணி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பை, அதிலிருந்து எடுத்த சட்டை.

"என்ன தம்பி எழுதிட்டுப் போறாரு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வழக்கமா எழுதறதுதான்."

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. பிறகு சட்டையைத் திருப்பி முதுகுப்பக்கத்தைக் காட்டினாள். முன்பக்கம் பார்க்கிற மாதிரி இல்லை. முதுகு மட்டும், கசங்கியிருந்தாலும், வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ஒரு பொடி கூட ஒட்டல பாருங்க" என்றாள். "இத அலசிடலாம்னு பாக்கறேன். ஒரு முனைய பிடிங்க, உதறணும்."

அவன் கையைப் பார்த்துக்கொண்டான். எத்தனை தேய்த்தாலும் போகாத சிவப்பு, ரேகை ரேகையாக.

"நல்லா பிடிங்க தம்பி."

அவன் இரண்டு விரல் நுனியால் மட்டும் காலரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.