வானொலியில் வீட்டுக்காரர்

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. இஸ்திரிப் பிரிவு அவள் பொறுப்பு. ஈர விரிப்பு ஒரு பக்கம் சூடான உருளைக்குள் போகும், மறுபக்கம் சுருக்கமில்லாமல் காகிதம் போல வெளியே வரும். அந்த இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி சுவரில் ஒரு வானொலிப் பெட்டி மாட்டியிருந்தார்கள். காலையில் அதில் கணீர் பேசுவார்.

கணீர் என்பது இவர்களாக வைத்த பெயர். குரல் அப்படி. குடும்பம், கட்டுப்பாடு, கடவுள் பயம், உழைத்துச் சாப்பிடுவது, இவற்றை விட்டால் மனுஷன் கெட்டுப்போவான் என்பது அவர் கட்சி. புதிதாக எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடவேண்டும் என்பார். கூடத்தில் எல்லோருக்கும் அதே கட்சிதான். பாய்லர்காரர் தலையாட்டுவார், கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரம்மா "அப்படிக் கேளுங்க" என்று பெட்டியைப் பார்த்தே சொல்வாள்.

ஆனால் கணீருக்குக் குரல் செய்தி அனுப்புகிறவள் அவள் ஒருத்திதான். பல வருஷமாக அனுப்புகிறாள். எப்போதாவது ஒலிபரப்புவார்கள். ஒருமுறை, "சலவைக்கூடத்துச் சகோதரி சொல்றதுல விஷயம் இருக்கு" என்றார் கணீர். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் மாதக்கணக்கில் நிமிர்ந்து நடந்தாள்.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "உன் ஆளு இன்னைக்கு யாரைத் திட்டினார்?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவன், பிள்ளைகளை இறக்கிவிட்டபின் வேனில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தானும் கேட்க ஆரம்பித்தான். அதுவரைக்கும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஒருநாள் பொழுது போகாமல் நிகழ்ச்சிக்குப் போன் போட்டான். பிள்ளைகள் ஜன்னலோர இடத்துக்கு எப்படி அடித்துக்கொள்கிறார்கள், அதற்கு நியாயம் சொல்லப் பெற்றோர்கள் எப்படிச் சங்கமாகத் திரண்டு வருகிறார்கள் என்று கதையாகச் சொன்னான். கணீர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் அதுவரை கேட்டதே இல்லை.

அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வாரம், "எதுக்குப் போன்ல? நேர்லயே வாங்க, எதிர்ல உக்காந்து பேசுவோம்" என்றார் கணீர். அப்புறம் புதன்கிழமைதோறும் வேன்காரருக்கு அங்கே ஒரு நாற்காலி.

"ஏய், அந்த நீலச் சட்டைய தேச்சுக் குடேன்."

"ரேடியோவுல சட்டை தெரியாதுங்க."

"உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியுமே."

ஊர்த்துணியெல்லாம் தேய்த்துவிட்டு வந்த கையால் அந்தச் சட்டையையும் தேய்த்தாள். காலரில் வேண்டுமென்றே ஒரு சுருக்கத்தை விட்டாள். அவன் கவனிக்கவே இல்லை.

வீடென்றால் முன்னால் ஒருத்தர் நிற்கவேண்டும், அது ஆம்பளையாக இருப்பதுதான் முறை என்று அவளே குரல் செய்தியில் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அவளுக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் முன்னால் போய் நின்றதும் தனக்கு அவன் முதுகுதான் தெரிகிறது என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் மாமனார் இருந்தார். முட்டி பிடித்துக்கொண்டதால் தனியாகக் குளிக்க முடியாது. வேலைக்குப் போகுமுன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வெந்நீர் விளாவி, முதுகு தேய்த்துவிடுவது அவள்தான். புதன்கிழமை வந்தால் மனுஷர் அவசரப்படுத்துவார்.

"சீக்கிரம்மா. பையன் பேச ஆரம்பிச்சுடுவான்."

"நானும்தான் மாமா அதுல பேசியிருக்கேன். பல வருஷமா."

"அப்படியா? எந்த ஸ்டேஷன்ல?"

அவள் சொம்பில் இருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகளின் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்து பெற்றோருக்கு அனுப்பிவிடுவார்களாம். கணீர் பலமாக ஆதரித்தார். "கடமைய மறந்தவனுக்குச் சட்டம்தான் ஞாபகப்படுத்தணும்" என்றார்.

கூடத்தில் முதல்முறையாகக் கட்சி பிரிந்தது. பாய்லர்காரருக்கு மகன் போன் செய்தே வெகுநாளாகிறது. "கழுத்தைப் பிடிச்சு வாங்கினாத்தான் கொடுப்பானுங்க. வரட்டும் சட்டம்!" என்றார். தையல்காரம்மா, "எவனோ ஒரு ஆபீசர் குடுக்கற சோறு எனக்குத் தொண்டையில இறங்குமா?" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் இரண்டு மேசைக்கு மாறினார்கள்.

அவள் தையல்காரம்மா பக்கம். கணீரே சொன்னாலும் இது தப்பு என்று பட்டது. இத்தனை நாளும் அரசாங்கத்துக்கு வீட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டவர், இன்றைக்கு அதைச் சமையலறை வரைக்கும் கூட்டிக்கொண்டு வருகிறாரே? துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு குரல் செய்தி பதிவு செய்தாள். வாழ்க்கையில் அவள் பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு. அனுப்பினாள். ஒலிபரப்பவில்லை.

புதன்கிழமை புருஷன் பேசினான். உருளை ஓடிக்கொண்டிருக்க, எல்லோரும் காது கொடுத்தார்கள்.

"வேன்ல ஏறின பிள்ளைய நடுவழியில இறக்கிவிட முடியுமாங்க? அப்பா அம்மாவும் அப்படித்தான். எங்கப்பாவ நான் எங்கிட்டதான் வெச்சிருக்கேன். குளிப்பாட்டறதிலேருந்து எல்லாம் எங்க வீட்லதான். அதெல்லாம் செய்யாதவனுக்குச் சட்டம் வந்தா என்ன தப்பு?"

"பாத்தீங்களா, இவர்தான் பிள்ளை!" என்றார் கணீர்.

பாய்லர்காரர் கைதட்டினார். தையல்காரம்மாகூட ஊசியை நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுக்காரர் சொல்ற விதத்துல சொன்னா நியாயமாத்தான்கா படுது" என்றாள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. தொப்புளுக்கு மேலே, கை வைத்துக் காட்டலாம் போல. கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு, வெளுத்த துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போன் போட்டாள். கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு கணீரின் குரல் காதுக்குள் நேராக வந்தது.

"சொல்லுங்கம்மா. முதல் தடவையா பேசறீங்களா?"

அவள் சொல்ல வைத்திருந்ததெல்லாம் ஒரு நொடி கலைந்துபோயிற்று.

"இல்லைங்க. சலவைக்கூடத்துலேருந்து பேசறேன். ரொம்ப வருஷமா பேசறேன்."

"அப்படியா, சந்தோஷம். சொல்லுங்க."

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பேசினாள். "பிடித்தம் பண்ணிக் குடுக்கற பணத்துக்குப் பேரு கடமை இல்லைங்க, வரி. வரி கட்டினவன் அப்புறம் எட்டிப் பாக்கமாட்டான். அதான் கட்டிட்டேனேன்னு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் புருஷன் தொண்டையைக் கனைப்பது கேட்டது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டுவிட்டான். அந்தக் கனைப்பில் அவளுக்கு எல்லாம் தாறுமாறாகிவிட்டது.

"இப்போ அங்க உக்காந்து பெருமை பேசறாரே, அவர் அப்பாவ தினம் குளிப்பாட்டறது யாருன்னு அவரையே கேளுங்க! ஒருநாள் ஒரு சொம்புத் தண்ணி மொண்டு ஊத்தியிருப்பாரா?"

 கணீர் மெதுவாகக் கேட்டார்: "யாருங்க இவங்க?"

"என் சம்சாரம்" என்றான் அவன்.

கணீர் லேசுப்பட்டவரா? உடனே பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா நேயர்களே! மகன் செய்யலை, மருமகள் செய்யறாங்க. இதுக்குத்தாங்க சட்டம் வேணும்னு நான் தலையால அடிச்சுக்கறேன். அம்மா, ரொம்ப நன்றி. என் பக்கத்துக்கு உங்களவிட நல்ல சாட்சி கிடைக்காது."

போனைக் காதில் வைத்தபடியே அவள் நின்றாள். தான் போட்ட போடு தன் தலையிலேயே விழுந்தது புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் புருஷன் பேச ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷம் சார். அவ சொன்னது நெசம். எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அதனாலயே சொல்றேன், நான் சொன்னது தப்பு, அவ சொன்னதுதான் சரி. சம்பளத்துல பிடிச்சுக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? கால்மேல கால் போட்டுக்கிட்டு, கணக்குத் தீந்துச்சுன்னு உக்காந்துடுவேன். இப்போ என் சம்சாரம் நாலு பேர் கேக்க நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டா பாருங்க, எந்த ஆபீசரால அப்படிக் கேக்க முடியும்? வீட்ல கேள்வி கேக்க ஆள் இருக்கணும் சார். சட்டம் வந்தா அந்த ஆளும் வாய மூடிக்கும்."

 "இதை ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேணும்" என்றார் கணீர். அன்றைக்கு நேயர்கள் மாறி மாறிப் போன் செய்தார்கள். சட்டத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் சண்டை போட்டுக்கொண்டாலும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். வேன்காரர் தங்கமான மனுஷர்.

அவள் வெளியே வந்தபோது தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "குடுத்துவெச்சவக்கா நீங்க."

சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஒரு சமாதானத்தோடு வந்தான். "உன் பக்கம்தானே பேசினேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"நான் சொன்னதைத்தானே நீங்க சொன்னீங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நான் சொன்னப்போ சண்டை. நீங்க சொன்னா தத்துவம்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "உனக்குப் பொறாமையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "ஆமா" என்று வந்தது. "பொறாமைதான். அந்த மனுஷன் வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்க எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? நீங்க பொழுது போகாம போன் போட்டு வாங்கிட்டீங்க."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். பாவம் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அப்பாவைக் குளிப்பாட்டும் வேலையை அவன் ஏற்றுக்கொண்டான். சூடு பார்க்கத் தெரியாமல் ஊற்றியதில் பெரியவர் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அவள் உள்ளே போய் விளாவிக் கொடுக்கவில்லை. இரண்டொரு நாளில் அவனே கற்றுக்கொண்டான்.

வார முடிவில் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். தம்பதியாக வந்து பேசவேண்டும், நேயர்கள் கேட்கிறார்கள் என்றார்கள். "அப்பாவைத் தனியா விட்டுட்டு ரெண்டு பேரும் வரமுடியாது. நான் மட்டும் வர்றேன்" என்றாள் அவள். பெரியவர் தினமும் பகலில் தனியாகத்தான் இருக்கிறார் என்பது தெரிந்த அவன் பக்கத்திலேயே நின்றான். அவன் முகம் சுண்டியது.

புதன்கிழமை கூடத்தில் சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனாள். கணீர் தன் குரலைவிடச் சின்ன மனுஷராக இருந்தார். கழுத்தில் கம்பளித்துணி சுற்றி, இருமலுக்கு ஏதோ மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். அவனுடைய நாற்காலி எது என்று கேட்டு, அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இந்தமுறை வீட்டு விஷயம் ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. அவராக இழுத்தபோதும், "அதை விடுங்க, சட்டத்தைப் பேசுவோம்" என்றாள். அவர் வாதாடினார், அவளும் விடவில்லை. "நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத அரசாங்கம் வரும். அது வீட்டுக்குள்ள வரும்போது எந்த வாயால போன்னு சொல்லுவீங்க? கதவைத் தொறந்துவிட்டதே நீங்கதானே?" என்று கேட்டாள். அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்குத் தள்ளினார். உடன்பாடில்லை என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்தார். சிரிக்கவில்லை, தங்கமான மனுஷி என்று யாரும் போன் செய்யவுமில்லை.

ஒலிவாங்கியை அணைத்தபின் அவள் எழுந்தாள். கணீர் எழாமல் காகிதங்களைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தக் கதவுக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. யோசிக்கணும்."

வீட்டில் புருஷன் வாசலிலேயே நின்றிருந்தான். "நல்லா பேசினே" என்றான். அது அவனுக்குச் சுலபமாக வரவில்லை என்பது தெரிந்தது. "ஆனா அவர் உன்னை ஒத்துக்கவே இல்லையே. நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"என்ன சொன்னார்?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் பின்னாலேயே சமையலறை வரைக்கும் வந்தான்.

"சொல்லேன். எங்கிட்டல்லாம் முடிஞ்சதும் கை குடுப்பார், அவ்வளவுதான். உங்கிட்ட என்ன சொன்னார்?"

"சும்மா ஏதோ" என்றாள் அவள். அடுப்பைப் பற்றவைத்து, அவனுக்கும் சேர்த்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அவன் நகராமல் நிலையில் சாய்ந்துகொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.