எனக்கு ஒரு போனும் வரலை

ஆனந்தவள்ளி பயந்தாங்கொள்ளி. அதை அவளே ஒத்துக்கொள்வாள். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், முதலாளி இரண்டு தரம் சேர்ந்தாற்போல் இருமினால் பயம். இந்த வருஷம் அந்தச் சில்லறைப் பயங்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு பெரிய பயம் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு. போன வருஷம் எழுதி அறுபத்தொரு பெர்சென்டைல் வாங்கினாள். அதாவது நூறு பேரில் அறுபத்தொரு பேரை முந்தினாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரிகள் தொண்ணூற்றைந்து பேரையாவது முந்திக்கொண்டு வா என்றன. ஆசைக்கு என்ன, அது கேட்கும்.

அவள் வேலை பார்த்தது குற்றாலத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், 'ஓடைக்கரை' விடுதியில். எட்டு அறை. சாவி கொடுப்பதிலிருந்து வெந்நீர் வரவில்லை என்று திட்டு வாங்குவதுவரை எல்லாம் அவள்தான். பின்பக்கம் அறுபது படி இறங்கினால் ஓடை. அருவிக் கூட்டத்தில் இடிபட மனமில்லாதவர்கள் அங்கே குளிப்பார்கள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆனந்தவள்ளி கீழே இறங்கி, பிடிமானச் சங்கிலி சரியாக இருக்கிறதா, படியில் பாசி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.

ஓடையின் மேலே ஒரு மைலில் முதலாளி இசக்கிராஜாவின் கிராம்புத் தோட்டம். அங்கே காவலுக்குக் குத்தாலிங்கம் இருந்தார். ஐம்பத்தெட்டு வயசு, ஒற்றைக்கட்டை. மலையில் மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால் அவர் உடனே ஆனந்தவள்ளிக்குப் போன் போடுவார். அவள் மேஜை ஓரத்தில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். சைரன் அலறும், குளிக்கிறவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். அங்கே பொங்குகிற தண்ணீர் படித்துறைக்கு வர எப்படியும் இருபது நிமிடம் ஆகும். மூன்று வருஷமாக இந்த ஏற்பாடு பிசகியதே இல்லை. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அவள் எடுத்துவிடுவாள்.

"ஒனக்குப் போனு கையிலயே மொளைச்சிருக்கோ தாயி?" என்று குத்தாலிங்கம் கேலி பண்ணுவார்.

கெட்டது அந்தப் போனால்தான். ஆனந்தவள்ளி இணையத்தில் முப்பது மாதிரித் தேர்வுகள் வாங்கி வைத்திருந்தாள். நிஜத் தேர்வு மாதிரியே இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, தப்புக்கு மதிப்பெண் குறைப்பு. நடுவில் இணைப்பு அறுந்தால் 'உங்கள் தேர்வு முடிந்தது' என்று கதவைச் சாத்திவிடும். விடுதிக்கு வருகிற கேபிளை மரக்கிளை ஒன்று முறித்துப்போட்டிருந்ததால், பத்து நாளாகத் தன் போனிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு நெட் கொடுத்தாள். அவள் சிம்முக்குப் பேச்சும் நெட்டும் ஒரே நேரத்தில் ஓடாது. முந்தின தேர்வை, வரும்போது கருவேப்பிலை வாங்கி வா என்று கூப்பிட்டு அம்மா வடிவம்மாள் முடித்துவைத்தாள். அதற்கு முந்தினதை ஆய்க்குடியிலிருந்து ஒருவர், ரூமில் கொசு உண்டா என்று கேட்டு முடித்துவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஒரே நேரத்தில் எழுதுகிற பெரிய மாதிரித் தேர்வு. நிஜத் தேர்வுக்கு ஒரே வாரம். ஆனந்தவள்ளி ஒரு தந்திரம் செய்தாள். தனக்கு வருகிற போன்களையெல்லாம் தன்னுடைய பழைய பட்டன் போனின் நம்பருக்குத் திருப்பிவிட்டாள். அந்தப் போன் மேலகரத்தில் அவள் வீட்டில், சேலைகளுக்கு நடுவில், அணைந்து கிடந்தது. யார் கூப்பிட்டாலும் 'சுவிட்ச் ஆஃப்' என்று வரும். இரண்டு மணி நேரம்தானே. வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள், வெயில் பளீரென்று அடித்தது. இந்தப் பக்கம் வெயில் அடித்தால் அந்தப் பக்கம் மழை பெய்யாது என்று எந்த மலையும் எழுதிக் கொடுத்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

இரண்டரைக்குத் தேர்வு தொடங்கியது. மூன்றரைக்கு, வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் வந்திருந்த பதினோரு ஐயப்ப சாமிகள் சரணம் சொல்லிக்கொண்டே ஓடைக்கு இறங்கினார்கள். "சைரன் கேட்டா ஒடனே ஏறிருங்க சாமி" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

அன்றைக்கு என்னவோ எல்லாம் கைக்கு வந்தது. இரண்டாம் பகுதியில், யார் உண்மை சொல்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற புதிர்களை ஒன்று விடாமல் போட்டாள். மூன்றாம் பகுதியில் கணக்கு. கீழேயிருந்து கூச்சல் கேட்டது. சரண கோஷம்தான் என்று நினைத்தாள். மறுபடி கேட்டது. அதில் 'சரணம்' இல்லை என்பதைக் காது கண்டுபிடித்தது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு கணக்குப் போட்டாள். அந்த ஒரு கணக்கைத்தான் அவளால் பிற்பாடு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்புறம் ஓடையின் சத்தம் மாறியது. தரை அதிர்ந்தது போலிருந்தது. ஆனந்தவள்ளி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். சைரனை அழுத்தவேண்டும் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

அறுபது படியில் இருபது படியைத் தண்ணீர் தின்றிருந்தது. செக்கச்செவேலென்று, மரமும் மட்டையுமாகப் புரண்டு போயிற்று. சங்கிலியைக் காணோம். கறுப்பு வேட்டிகள் படியில் சிதறி நின்று நடுங்கின. குருசாமி குற்றாலீஸ்வரன் விரலை நீட்டி எண்ணினார். பத்து. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பத்துதான் வந்தது.  ஐயோ, ஒரு உயிரைத் தின்றுவிட்டேனே என்று ஆனந்தவள்ளிக்குள் ஒரு குரல் கேட்டது.

"முத்துராஜ்! ஏலே முத்துராஜ்!"

அவன் கன்னிசாமி, முதல் தடவை மாலை போட்டவன். ஐம்பதடி தள்ளி ஒரு மூங்கில் புதரில் அவன் மாலையும் கையும் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தான். சாமிகள் வேட்டிகளை முடிச்சுப் போட்டு வீச, மற்றக் கையால் அவன் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் மேலே ஒற்றையடிப் பாதையிலிருந்து குத்தாலிங்கம் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். இடது முழங்காலிலிருந்து ரத்தம் கணுக்காலுக்கு வழிந்தது. ஆனந்தவள்ளியை ஒரு முறை பார்த்தார். வேட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். முத்துராஜ் கரைக்கு வந்தான். உயிர் இருந்தது. தோள் எலும்பு இரண்டாகியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று.

ஆறு மணிக்கு இசக்கிராஜா காரில் வந்து இறங்கினார். குருசாமி வாசலிலேயே மறித்தார்.

"சைரன் ஊதும்னு சொன்னதை நம்பித்தானய்யா எறங்குனோம்? யார் தப்புன்னு நாளைக்குக் காலையில எனக்குச் சொல்லணும். இல்லேன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திட்டுத்தான் மலைக்குப் போவோம்."

இசக்கிராஜா குத்தாலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்வே, போன் போட்டா என்ன?"

"நாலு தடவை போட்டேன் மொதலாளி. சுச்சாஃப்புன்னே வருது. அப்புறந்தான் ஓடியாந்தேன்."

"எங்க, காட்டும்."

குத்தாலிங்கத்தின் போனில் கடைசியாகப் போட்ட பத்து அழைப்புக்கு மேல் நிற்காது. முத்துராஜைத் தூக்கிப்போட்ட பிறகு அவர் ஆம்புலன்ஸுக்கும் முதலாளிக்கும் மாற்றி மாற்றிப் போட்டதில் ஆனந்தவள்ளியின் நம்பர் அடியோடு உதிர்ந்துபோயிருந்தது.

"இதுல ஒண்ணையும் காணுமே! குடிச்சிட்டுத் தூங்கிட்டு இப்பக் கதை விடுதீரா?" என்றார் இசக்கிராஜா. பிறகு ஆனந்தவள்ளியைப் பார்த்து, "நீ சொல்லும்மா, ஒன் போன் சுவிட்ச் ஆஃபா?" என்றார்.

"ஆன்லதான் மொதலாளி இருந்துது. எனக்கு ஒரு போனும் வரலை."

வாயிலிருந்து தானாக விழுந்தது. போனையும் நீட்டினாள். உள்ளே ஒரு அழைப்பும் இல்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லுதிய" என்றார் இசக்கிராஜா. "காலையில ரெண்டு பேரும் தோட்டத்து இசக்கியம்மன் முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. மத்ததை அவ பாத்துக்கிடுவா."

குத்தாலிங்கம் தலையை ஆட்டினார்.  இசக்கியம்மன் முன்னால் பொய்ச்சத்தியம் பண்ணியவர்கள் கதி என்னவென்று அந்தப் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மேலகரத்துக்கு வந்து சேர்ந்தபோது மதிப்பெண் வந்திருந்தது. மூன்றாம் பகுதியைப் பாதியில் விட்டிருந்தும் தொண்ணூற்றேழு பெர்சென்டைல். "நல்ல மார்க்குத்தானட்டி? பெறகு ஏன் மூஞ்சி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் வடிவம்மாள்.

பேயறைந்ததுதான். அவள் மனசு அவளைக் கேட்காமலே புதிர் போடத் தொடங்கியது. குத்தாலிங்கம் சொல்கிறார்: நான் போன் போட்டேன். ஆனந்தவள்ளி சொல்கிறாள்: எனக்குப் போன் வரவில்லை. இருவரில் பொய் சொல்பவர் யார்? விடை: யாரும் இல்லை. ஆறு மாதப் பயிற்சி வீண் போகவில்லை. அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சூடத்தை அணைக்கலாம். இசக்கியே வந்து விடைத்தாளைத் திருத்தினாலும் ஒரு மதிப்பெண் குறைக்க முடியாது. குத்தாலிங்கத்தின் வேலை போகும், ஒருவேளை போலீஸும் அவரைத்தான் கூப்பிடும். ஒப்புக்கொண்டால் அது அவளுக்கு. கேஸ் உள்ள பெண்ணை எந்தக் கல்லூரி சேர்க்கும்? தொண்ணூற்றேழை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது. 

விடிந்ததும் சேலைகளை விலக்கிப் பழைய போனை எடுத்தாள். திறக்காமலே வைத்துவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, அணைந்திருந்தபோது வந்த அழைப்புகளைச் சொல்கிற குறுஞ்செய்திகள் வந்து, சேர்ந்தாற்போல் நாலு தடவை கூவியது. குத்தாலிங்கத்தின் நம்பர். மூன்று நாற்பத்தொன்று. மூன்று நாற்பத்திரண்டு. மூன்று நாற்பத்துநாலு. மூன்று நாற்பத்தேழு. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். காட்டப்போகிறாளா, ஓடையில் எறியப்போகிறாளா என்று அவளுக்கே தெரியாது.

இசக்கியம்மன் தோட்டத்தின் எல்லையில் வேப்பமரத்தடியில் இருந்தாள். இசக்கிராஜா, குருசாமி, முழங்காலில் கட்டோடு குத்தாலிங்கம். கல்லின் மேல் சூடத்தை ஏற்றினார்கள். குத்தாலிங்கம் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் போன் போட்டேன். இசக்கித் தாயி மேல சத்தியம்." உள்ளங்கையால் ஓங்கி அடித்துத் தீயை அணைத்தார்.

அடுத்த சூடம் எரிந்தது. ஆனந்தவள்ளி கையைத் தூக்கினாள்.  சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் உண்மை வாக்கியம்.

"எனக்கு ஒரு போனும் வரலை" என்றாள்.  இசக்கியின் வெள்ளிக் கண்ணைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்தாள். குத்தாலிங்கத்தின் முழங்கால் கட்டின் மேல் ரத்தம் ஊறியிருந்தது. "வரவிடாம நாந்தான் திருப்பி விட்டிருந்தேன். பரீட்சை எழுதிக்கிட்டிருந்தேன் மொதலாளி. அண்ணாச்சி நாலு தடவை போட்டிருக்காவ. இன்னா இருக்கு."

பழைய போனைக் கல்லின் மேல் வைத்தாள்.

இசக்கிராஜா வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினார். அத்தனையும் அவளுக்கு உரியதுதான். "சாவிக் கொத்தை வச்சிட்டுப் போ. ஒனக்கும் விடுதிக்கும் இனி ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று முடித்தார். குருசாமி போனை எடுத்து நேரங்களைப் படித்தார். ஸ்டேஷனுக்குப் போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனந்தவள்ளி சாவிக் கொத்தை எடுத்து வைத்தாள். குத்தாலிங்கத்துக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நீங்க மட்டும் ஓடி வரலேன்னா அந்தச் சாமியை இழுத்திருக்க முடியாது."

குத்தாலிங்கம் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"சாமிமாரு குளிக்காவன்னு எனக்கு எங்க தாயி தெரியும்? மொத மணியிலயே எடுக்கிறவ எடுக்கல. சுச்சாஃப்புன்னு வருது. நாலு மணியாகப் போகுது, நீ சங்கிலி பாக்க எறங்குத நேரம். ஒன்னைத்தான் வெள்ளம் கொண்டு போயிட்டுன்னு நெனச்சு ஓடியாந்தேன்."