கீறிட்ட இடத்தில் இராசையா

துறைமுகக் கந்தோரில் ஆறு வருடம் தொலைபேசி ஒப்பரேற்றராக இருந்தும் புஷ்பவதி தற்காலிகம்தான். அறுபத்துமூன்றாம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆங்கிலச் சொற்சோதனையில் ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் வேலை நிரந்தரம். எடுக்காவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். பாலையூற்று வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்திதான், பிள்ளைகளே. ஆகவே அவள் பட்ட பாட்டை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். கொஞ்சம் சிரித்தாலும் பரவாயில்லை.

சோதனை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஒவ்வொரு வசனத்திலும் ஒரு கீறிட்ட இடம், கீழே நாலு சொல். பொருந்துகிற சொல்லின் கீழே கோடு போட வேண்டும். கண்ணால் வாசித்தால் நாலும் சரிபோலவே கிடந்தன. புஷ்பவதிக்குச் சொல் காதால்தான் ஏறும். உதட்டை அசைத்தாள், முணுமுணுத்தாள், ஆறாவது வசனத்தில் குரலே எழும்பிவிட்டது.

மேற்பார்வையாளர் இரத்தினசிங்கம் வந்து மேசையில் தட்டினார்.

"பிள்ளை, தேவாரம் படிக்க இது கோயிலே?"

"வாய் திறக்காட்டி எனக்கு விளங்குதில்லை, சேர்."

"இன்னொருக்காச் சத்தம் வந்தால் தாளைப் பறிச்சுப்போடுவன்."

பின்னாலிருந்த கிறேஸ், அதே கந்தோரில் பக்கத்துக் கதிரையில் வேலை செய்கிறவள், இருமுவதுபோலச் சிரித்தாள்.

புஷ்பவதியின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். முகம் துடைக்கிற கைலேஞ்சியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள். தாளில் இருந்தது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். 'தாதிமார் பலர் வராதபோதிலும் நோயாளரைக் கவனிக்கும் வேலை ____ நடந்தது.' வாய் அடைபட்டுக் கிடக்க, தினமும் லைனில் வருகிற ஆஸ்பத்திரி மேற்றனின் விறைத்த குரல் மண்டைக்குள் அந்த வசனத்தைச் சொல்லிற்று. அந்தக் குரல் 'குழப்பமாக' என்று ஒருநாளும் சொல்லாது. 'ஒழுங்காக' என்றுதான் சொல்லும். கோடு போட்டாள்.

பிறகென்ன! மீனுக்கு ஐஸ் கேட்டுக் கத்துகிற கிண்ணியா முதலாளிக்கு ஒரு வசனம், நாலு சொல்லுக்குமேல் பேசாத கப்பல் பைலற்றுக்கு ஒரு வசனம். ஆள் வந்தால் சொல்லும் வந்தது.

ஐம்பதாவது: 'தலைமை லிகிதர் நேர்மையானவர் ஆகையால், தம் பிழையை ஒப்புக்கொள்ள ____.'

தலைமை லிகிதர் என்றால் அவளுக்குத் தன் கந்தோரின் பெரிய கிளாக்கர் இராசையாதான். பிழையான இலக்கத்தைத் தானே தந்துவிட்டு, "காதை வீட்டிலை வைச்சிட்டே வந்தனீர்?" என்று கேட்கிற மனுஷன். 'மறுத்தார்' என்ற சொல்லுக்கு அழுத்திக் கோடு போட்டாள். இன்னும் கால்மணி நேரம் கிடந்தது. இருக்க ஏலாமல் தாளைக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டாள்.

பள்ளிக்கூட வாசல் படலையடியில்தான் 'நேர்மையானவர்' வந்து நெஞ்சில் இடித்தது. ஐயோ, தாள் கேட்டது வேறு ஆளையல்லவா! திரும்பி ஓடினாள்.

"சேர், ஒரேயொரு சொல் மாத்தவேணும்."

"குடுத்த தாள் குடுத்ததுதான்."

"இராசையா ஐயா எண்டு நினைச்சுப் போட்டிட்டன், சேர்."

"ஆர் இராசையா?"



முடிவு வர இருபது நாள். பஸ்ஸில் விரல் மடித்து எண்ணினால் முப்பத்தொன்பது சரி. சோறு தின்னும்போது எண்ணினால் நாற்பத்திரண்டு. துறைமுக அதிபருக்கு வந்த அழைப்பைப் பேக்கரிக்குக் கொடுத்தாள்.

"அவருக்குப் பாண் வேணுமாமோ?" என்றாள் கிறேஸ்.

"பகிடி விடாதை. நீ எத்தினை சரி எண்டு நினைக்கிறாய்?"

"இண்டைக்கு இது ஒன்பதாந்தரம் கேக்கிறாய், புஷ்பம்."

இருபத்தோராம் நாள் காலை இராசையாவே கடிதத்தோடு வந்தார்.

"கிறேஸ் நாற்பத்தாறு. புஷ்பவதி நாற்பது. மட்டுமட்டு! ஒண்டு குறைஞ்சிருந்தால் வீடுதான், பிள்ளை. எங்கை பிழைவிட்டனீர்?"

"ஒரு ஆளை நினைச்சு எழுதினனான், ஐயா. ஆள் பிழைச்சுப்போச்சு."

"இனியெண்டாலும் ஆளைப் பாத்து எழுதும்," என்று புத்தி சொல்லிவிட்டு அவர் போனார். கிறேஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மணி அடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு கிறேஸ் சொன்னாள்:

"உன்ரை லைன் அடிக்குது."

"ஓம், கேக்குது," என்றாள் புஷ்பவதி. எடுக்கவில்லை. நிரந்தரமாகிவிட்ட கதிரையில் சாய்ந்துகொண்டு இன்னும் இரண்டு தரம் அடிக்கவிட்டாள்.